கரி அடுப்பு வாங்கலாமா?



2022ஆம் ஆண்டை நீங்கள் யாரும் இலேசில் மறந்திருக்க மாட்டீர்கள். காஸ் சிலிண்டருக்கு நாட்கணக்கில் வரிசை. அதற்கு முந்திய வருடக் கடைசியில் காஸ் அடுப்பு வெடித்த செய்திகள் அடுத்தடுத்து வந்ததால், சிலிண்டர் இருந்த வீட்டிலும் அதைத் தொடப் பயந்தார்கள். சரி, மண்ணெண்ணெய் அடுப்பாவது இருக்கிறதே என்று பார்த்தால், அந்த 2022 ஆகஸ்ட் மாதம் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவுக்குப் போனது. அன்றிலிருந்து நம்மிடம் அடிக்கடி வரும் கேள்வி ஒன்று உண்டு.

"ஐயா, டவுன்ல கரி அடுப்பு ஒண்ணு பார்த்தோம். புகையே வராதாம். வாங்கிட்டா சமையலும் ஆச்சு, ராவைக்குக் காம்பராவுல வச்சாக் குளிரும் தெரியாது. வாங்கலாங்களா?"

இந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. சமைப்பதற்கு, வெளியில் காற்றோட்டமான இடத்தில் வைப்பதற்கென்றால் வாங்கலாம். குளிர் காய்வதற்கு, படுக்கும் காம்பராவுக்குள் வைப்பதற்கென்றால் வாங்கவே கூடாது. ஏன் அப்படிச் சொல்கிறோம், அதற்குப் பதிலாக லயத்துக்கு எந்த அடுப்பு பொருந்தும் என்பதைத்தான் இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

முதலில் கரி என்றால் எந்தக் கரி என்று தெளிவாக வேண்டும். நிலத்தைத் தோண்டி எடுப்பது நிலக்கரி. அது நம் நாட்டில் வெட்டியெடுக்கப்படுவதில்லை. நுரைச்சோலை மின் நிலையத்துக்கு வருவதுகூட கப்பலில் வெளிநாட்டிலிருந்து வருவதுதான். தமிழ்நாட்டில் நெய்வேலியில் கிடைக்கும் பழுப்பு நிலக்கரியைப் பக்குவப்படுத்தி, 'லெக்கோ' என்ற பெயரில் கட்டிகளாக வீட்டு அடுப்புக்கு விற்ற காலம் ஒன்று இருந்தது. நம் கடைகளில் கிடைப்பது அதுவல்ல. விறகைச் சுட்டு எடுத்த மரக்கரியும், தேங்காய்ச் சிரட்டையைச் சுட்டு எடுத்த சிரட்டைக்கரியுமே இங்கே கிடைக்கின்றன. ஆனால் காம்பராவுக்குள் வைத்தால் வரும் ஆபத்து மூன்றுக்கும் ஒன்றுதான்.

சிரட்டைக்கரியைப் பற்றி நாம் கொஞ்சம் உரிமையோடு பேசலாம். நமது சொந்த ஊர் கல்முனைப் பக்கம். மருதமுனையிலிருந்து சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று வரை அந்தக் கரையோரம் முழுக்கத் தென்னை. அங்கே சிரட்டைக்கும் பொச்சுமட்டைக்கும் பஞ்சமே இல்லை. நெல் குத்தும் மில்லுகள் இருப்பதால் உமியும் உண்டு. சலவைக் கடைகளில் சேவல் வைத்த பித்தளை அயன்பெட்டிக்குள் சிரட்டைக்கரித் தணல் போட்டு உடுப்பு அழுத்தியதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். கருவாடு சுடவும், கிழங்கு சுடவும், விருந்தாளி வந்தால் ஒரு கேத்தல் தண்ணீர் கொதிக்க வைக்கவும் கரி அடுப்பு எவ்வளவு கைக்கு அடக்கமானது என்று நமக்கு நன்றாகவே தெரியும்.

ஆனால் அங்கே அந்த அடுப்பு இருக்கும் இடத்தைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலும் குசினிக்குப் பின்னால், வளவுக்குள், கிடுகு வேலி ஓரமாக இருக்கும். குசினிக்குள் வைத்தாலும் சுவரின் மேற்பக்கம் கல் விட்டுக் காற்று வரக் கட்டியிருப்பார்கள். கடற்காற்று ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் போகும். மார்கழி மழையிலும் அந்தக் கரையில் யாரும் கதவு யன்னலை இறுக்கிச் சாத்தி, துவாரங்களுக்குச் சாக்கு அடைத்துப் படுப்பதில்லை. குளிர் காய வேண்டிய தேவையும் இல்லை. அப்படிப்பட்ட ஊரிலேயே வயதான பெண்கள், "கரித் தணல உள்ளுக்க வெக்காத மகன், தல சுத்தும்" என்று பிள்ளைகளை அதட்டுவார்கள். எந்தப் புத்தகமும் படித்துச் சொன்னதல்ல. பட்டறிவு.

இப்போது அதே அடுப்பை நுவரெலியா, தலவாக்கலை, பொகவந்தலாவைப் பக்கத்து லயத்துக்குள் கொண்டுவந்து வைத்துப் பாருங்கள். ஒரு காம்பரா, முன்னால் ஒரு இஸ்தோப்பு. இஸ்தோப்பில் ஒரு பக்கத்தை மறைத்து அடுப்படி. தை, மாசியில் உறைபனி விழும் இரவுகளில் யன்னல் இடுக்கு, கதவு இடுக்கு எல்லாவற்றையும் துணியால் அடைக்கிறோம். தகரத்துக்கும் சுவருக்கும் இடையில் உள்ள சந்தையும் உரச் சாக்கால் மூடுகிறோம். அடுப்பு ஒன்றுதான். வீடு வேறு.

"புகை வராது" என்று கடைக்காரர் சொன்னது பொய்யல்ல. அங்கேதான் வில்லங்கம் இருக்கிறது. விறகு புகைந்தால் கண் எரியும், இருமல் வரும், தூங்கினவனும் எழும்பிக் கதவைத் திறப்பான். கரியில் அந்த எச்சரிக்கை கிடையாது. கரி நன்றாகக் காற்று வாங்கி முழுசாக எரிந்தால் காபனீரொட்சைட்டு உண்டாகும். காற்றுப் போதாமல் அரைகுறையாக எரிந்தால் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு உண்டாகும். இதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை, ருசியும் இல்லை. நம் இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமந்து செல்லும் ஈமோகுளோபினுடன் இந்த வாயு ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். அப்புறம் மூச்சு விட்டுக்கொண்டே இருந்தாலும் மூளைக்கும் இதயத்துக்கும் ஒட்சிசன் போய்ச் சேராது. தூங்குகிறவர் தூக்கத்திலேயே மயங்கிவிடுவார்.

இன்னொரு விடயம். கரி அடுப்பு பிடித்து நன்றாக எரியும்போது மேலே சின்னச் சின்ன நீலச் சுவாலை ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். அடியில் உண்டான நச்சு வாயுதான் மேலே வந்து அப்படி எரிகிறது. சமையல் முடிந்து, தணல் அடங்கி, சாம்பல் மூடிய பிறகு அந்த நீலச் சுவாலை இருக்காது. வாயு எரியாமல் அப்படியே வெளியே வரும். நம் ஆட்கள் "நெருப்பு அடங்கிருச்சு, இனி பயமில்ல" என்று சட்டியைக் காம்பராவுக்குள் தூக்கி வருவது சரியாக இந்த நேரத்தில்தான்.

நாம் முன்பு கடமை பார்த்த ஒரு தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறோம். ஆனி மாதம், விடாத மழை. ஒரு வீட்டில் பழைய பெயின்ட் வாளிக்குள் தணலைப் போட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக் கதவைச் சாத்திப் படுத்திருக்கிறார்கள். விடியற்காலை தாய்க்குத் தலை வெடிக்கிற மாதிரி வலி, வாந்தி. எழும்பினால் கால் நிற்கவில்லை. பிள்ளைகள் இரண்டும் கூப்பிட்டால் முனகுகின்றன, எழும்பவில்லை. தகப்பன் இரவுக் காவலுக்குப் போயிருந்தபடியால் தப்பினார். பெரட்டுக்குப் போகும் நேரத்தில் அவர் திரும்பி வந்து கதவைத் திறந்ததுதான் அந்தக் குடும்பம் பிழைக்கக் காரணம். இரவு சாப்பிட்ட மீன் பழுதாயிருக்கும் என்றுதான் முதலில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். வாளியை யாரும் சந்தேகப்படவில்லை. வைத்தியசாலையில் ஒட்சிசன் கொடுத்த பிறகே தெளிந்தார்கள்.

ஆகவே ஒன்றை ஞாபகத்தில் வையுங்கள். ஒரே வீட்டில் படுத்த எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, தலைசுற்று, வாந்தி, கைகால் சோர்வு வந்தால், காய்ச்சல் இல்லாமல் வந்தால், வெளியே போனதும் கொஞ்சம் குறைந்தால், சாப்பாட்டைச் சந்தேகப்படுவதற்கு முன் நெருப்பைச் சந்தேகப்படுங்கள். கதவு யன்னலைத் திறந்து ஆட்களை வெளிக்காற்றுக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு தணலை வெளியேற்ற வேண்டும். தண்ணீர் குடிக்க வைப்பது, தேசிக்காய் மணக்கக் கொடுப்பது எல்லாம் நேரத்தைக் கடத்தும். 1990க்கு அழைத்து சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், "கரி நெருப்பு வைத்துப் படுத்தார்கள்" என்று முதலில் சொல்லுங்கள். வலி குறைந்துவிட்டது என்று தோன்றினாலும் கர்ப்பிணிகளையும் சின்னப் பிள்ளைகளையும் கட்டாயம் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

இது நம் தோட்டத்து ஆட்களுக்கு மட்டும் நேர்ந்த ஒன்றல்ல. கொரியாவில் துளை போட்ட நிலக்கரிக் கட்டிகளை எரித்து, அந்தச் சூட்டை வீட்டுத் தரைக்கு அடியில் ஓடவிட்டுக் குளிர் காய்ந்தார்கள். சமையலுக்கும் அதே நெருப்புத்தான். ஒரே அடுப்பு, இரண்டு வேலை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. தரையில் வெடிப்பு விழுந்த வீடுகளில் வாயு மேலே கசிந்து, குடும்பம் குடும்பமாகத் தூக்கத்தில் செத்தார்கள். இலண்டன் மாநகரில் 1952 டிசம்பரில் வீட்டுக்கு வீடு எரித்த நிலக்கரிப் புகையும் ஆலைப் புகையும் மூடுபனியோடு கலந்து ஐந்து நாள் அசையாமல் நின்றது. 4,000 பேர் செத்ததாக அப்போது கணக்கிட்டார்கள். பின்னாளில் ஆராய்ந்தவர்கள் 12,000 பேர் வரை இருக்கலாம் என்றார்கள். அதன் பிறகு 1956இல் சட்டம் போட்டுத்தான் அடக்கினார்கள். இத்தனைக்கும் அவர்களுடைய அடுப்புகளுக்குப் புகைபோக்கி இருந்தது. பதப்படுத்தாத நிலக்கரியை வீட்டில் எரிக்கவே கூடாதென்று உலக சுகாதார நிறுவனம் 2014இல் அறிவித்தது. மண்ணெண்ணெயையும் அது தவிர்க்கச் சொல்கிறது.

இரும்பில் செய்த நவீன நிலக்கரி அடுப்பைப் படத்தில் பார்த்துவிட்டுக் கேட்கிறவர்களும் உண்டு. அதில் கதவு இருக்கும், அடியில் கம்பித் தட்டு, சாம்பல் விழும் தட்டு, காற்றைக் கூட்டிக் குறைக்கும் மூடி எல்லாம் இருக்கும். ஆனால் அதன் உயிர் பின்னால் உள்ள குழாயில்தான் இருக்கிறது. புகையையும் வாயுவையும் கூரைக்கு மேலே கொண்டுபோய் விடுகிற குழாய் இல்லாவிட்டால் அந்த விலையுயர்ந்த அடுப்பும் நம் பெயின்ட் வாளியும் ஒன்றுதான். பழைய துரை பங்களாக்களுக்குள் போயிருந்தால் பார்த்திருப்பீர்கள். சாலையில் குளிர் காய நெருப்பு வைக்கும் இடம், அதற்கு மேலே கூரையைத் தாண்டி நிற்கும் கல்லால் கட்டிய சிம்னி. நெருப்பு வைத்தால் புகை போக வழி வேண்டும் என்பது லயம் கட்டியவர்களுக்குத் தெரியாததல்ல. பங்களாவுக்கு வைத்தார்கள், லயத்துக்கு வைக்கவில்லை.

அப்படியானால் எந்த அடுப்பு? காஸ் அல்லது மின்சாரம் உங்கள் கைக்கு எட்டுமென்றால் அதற்கே முதலிடம். ரைஸ் குக்கரில் சோறு மட்டும் வடித்தாலும் அந்தளவுக்குப் புகை குறைவு. ஆனால் சம்பளமும் வயரிங்கும் இருக்கிற நிலையில் எல்லோருக்கும் அது ஆகாது. விறகுதான் கதி என்கிற வீட்டுக்கு நாம் சொல்வது 'அனகி' அடுப்பு.

இது சுட்ட களிமண் அடுப்பு. 1980களில் இலங்கை மின்சார சபையும் ஐ.டி.டி.ஜி. நிறுவனமும் ஈடுபட்ட விறகுச் சிக்கனத் திட்டங்களில் உருவானது. அனகி என்ற சிங்களச் சொல்லுக்கு விலைமதிப்பற்றது என்று பொருள். பெயர் பெரிதாக இருந்தாலும் விலை சிறிது. விறகு வைக்க ஒரே வாய், பானை வைக்க இரண்டு இடம். முதல் பானையைச் சூடாக்கிய சுவாலையும் சூட்டுக் காற்றும் உள்ளே ஓடி இரண்டாவது பானைக்குப் போகும். முன்னால் சோறு, பின்னால் கறி. மூன்று கல் அடுப்போடு பார்க்க விறகு ஏறத்தாழ 30 வீதம் மிச்சம். வாரத்துக்கு மூன்று கட்டு விறகு சுமக்கிற தாய்க்கு ஒரு கட்டு குறைகிறது என்று வையுங்கள். அந்த ஒரு கட்டு, கொழுந்துக் கூடை இறக்கிய தோளில்தான் ஏறுகிறது.

வாங்கும்போது கையில் எடுத்துத் தட்டிப் பாருங்கள். கணீரென்று சத்தம் வர வேண்டும். மொத்தென்று வந்தால் சூளையில் சரியாக வேகவில்லை, அல்லது எங்கோ வெடிப்பு இருக்கிறது. இரண்டு வாயிலும் உங்கள் வீட்டுப் பானையும் சட்டியும் சரியாக உட்காருமா என்று பார்க்க வேண்டும். பானை ஆடினால் சுவாலை பக்கத்தால் ஓடிவிடும். வீட்டுக்குக் கொண்டுவந்து வெறுமனே வைக்காதீர்கள். களிமண்ணோடு உமியோ சாணமோ கலந்து குழைத்துச் சுற்றிலும் நான்கு விரல் கனத்துக்குப் பூசி, இரண்டு மூன்று நாள் காயவிட்டுப் பிறகு பற்ற வையுங்கள். இப்படிப் பூசினால் அடுப்பு சீக்கிரம் உடையாது, சூட்டையும் பிடித்து வைத்திருக்கும். இந்தப் பூச்சு எதற்கு இன்னொரு வகையில் உதவும் என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

ஆனால் அனகி அடுப்புப் புகையைக் குறைக்குமே தவிர, இல்லாமல் செய்யாது. அதற்குச் சொந்தமாகப் புகைபோக்கி கிடையாது. ஆகவே அடுப்புத் திட்டுக்கு மேலே தகரத்தால் ஒரு கூண்டு வைத்து, அங்கிருந்து குழாய் ஒன்றைக் கூரைக்கு வெளியே விட வேண்டும். குழாய் ஒடுக்கமாக இருந்தால் புகை உள்ளேயே திரும்பும். நான்கு அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும், ஆறு என்றால் இன்னும் நல்லது. கூரையின் முகட்டைவிட இரண்டடி உயர்ந்து நிற்க வேண்டும், மேலே மழைக்குத் தொப்பி வேண்டும். குழாய் மரச் சலாகையைத் தொடக் கூடாது. எத்தனை லயங்கள் ஒரு பொறியில் வரிசையாக எரிந்திருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும். மாதம் ஒருமுறை குழாயைத் தட்டிக் கரிப்பிசினை இறக்க வேண்டும். கூரையில் துவாரம் போடுமுன் தோட்ட நிர்வாகத்திடம் கேட்டுச் செய்யுங்கள். தனியாகக் கேட்பதைவிட லயத்தில் உள்ள எல்லா வீடும் சேர்ந்து கேட்பது நல்லது. தகரம், ஆள் கூலி இரண்டும் அப்போது குறையும்.

விறகைப் பற்றியும் ஒரு வார்த்தை. கவ்வாத்து வெட்டிய மிலாறு நல்ல விறகுதான், ஆனால் பச்சையாகக் கொண்டுவந்து அடுப்பில் திணித்தால் பாதி நெருப்பு அதன் ஈரத்தை விரட்டவே போய்விடும். கண்ணெரிச்சலும் அதனால்தான். மழை படாத இடத்தில் அடுக்கி ஒரு மாதத்துக்குக் குறையாமல் காயவிடுங்கள். டர்பன்டைன் கட்டையைப் பெருவிரல் கனத்துக்குப் பிளந்து, ஒரு தடவைக்கு மூன்று நான்கு துண்டு மட்டும் வையுங்கள். அடுப்பு வாயை அடைக்கும் அளவுக்கு விறகு வைத்தால் காற்றுப் போகாது.

இந்த விறகையே கரியாக்கி எரித்தால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். சாதாரண குழியில் சுட்டால் ஒரு கிலோ கரி எடுக்க நான்கு முதல் ஆறு கிலோ விறகு வேண்டும். விறகின் சூட்டில் பாதிக்கு மேல் குழியிலேயே போய்விடும். சிரட்டை வீணாகக் கிடக்கிற கல்முனைக்கு அது கணக்குச் சரி. மலைச்சரிவில் ஏறி விறகு பொறுக்குகிற நமக்குச் சரிவராது.

இனி குளிருக்கு வருவோம். மேலே சொன்ன களிமண் பூச்சு இங்கேதான் உதவுகிறது. இராச் சாப்பாட்டைக் கொஞ்சம் பிந்திச் சமையுங்கள். நெருப்பு அணைந்த பிறகும் அந்தக் கனத்த மண் சூட்டை வைத்திருந்து மெல்ல மெல்ல விடும். காம்பராவுக்கும் அடுப்படிக்கும் நடுவில் உள்ள சுவரோடு ஒட்டி அடுப்பைக் கட்டினால், சுவரின் மறுபக்கம் படுக்கும் பிள்ளைகளுக்கு அந்த இளஞ்சூடு கிடைக்கும். பெரிய சூடு என்று சொல்ல மாட்டோம். ஆனால் அதில் விஷம் இல்லை. சீமெந்துத் தரையில் பாய் மட்டும் போட்டுப் படுத்தால் குளிர் அடியிலிருந்து ஏறும். பாய்க்குக் கீழே காட்போட் மட்டையோ மடித்த சாக்கோ விரியுங்கள். கம்பளி இரண்டு இருந்தால் ஒன்றை அடியில் போட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். காற்று அடைக்க வேண்டிய இடம் தலைமாட்டுப் பக்கத்து இடுக்குகள். அடுப்படிக்கு மேலே உள்ள திறப்பை எந்தக் குளிரிலும் அடைக்காதீர்கள்.

பிள்ளை பெற்ற வீடுகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தாய்க்கும் சிசுவுக்கும் சூடு காட்டவென்று கட்டிலுக்கு அடியில் தணல் சட்டி வைக்கும் வழக்கம் மலையிலும் உண்டு, நமது கரையோரத்திலும் உண்டு. பெரியவர்கள் அன்பினால் செய்வது. ஆனால் அந்த அறையில் மிகவும் குறைவாக நச்சைத் தாங்கக் கூடியவர் அந்தச் சிசுதான். பாட்டிமார் கோபித்துக்கொள்ள வேண்டாம். சூடு வேண்டுமென்றால் வெந்நீரைத் தடித்த போத்தலில் ஊற்றி, இறுக்கி மூடி, துணி இரண்டு சுற்றுச் சுற்றித் தாயின் கால்மாட்டில் வையுங்கள். பிள்ளையின் உடம்பில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்குத் தொப்பியும் காலுறையும் போட்டுத் தாயின் நெஞ்சோடு அணைத்து வைத்திருந்தால் அதைவிட நல்ல சூடு வேறில்லை. சாம்பிராணி போடுவதென்றால் கதவைத் திறந்து வைத்துப் போட்டு, உடனே சட்டியை வெளியே எடுத்துவிடுங்கள்.

சமைத்து முடிந்ததும் அடுப்பில் மிஞ்சும் தணலை என்ன செய்வது? இடுக்கியால் எடுத்து, மூடியுள்ள தகர டின் ஒன்றில் போட்டு, இஸ்தோப்புக்கு வெளியே வாசலில் வைத்து இறுக்கி மூடுங்கள். காற்று இல்லாமல் தானே அணைந்துவிடும். விடிந்ததும் திறந்தால் நல்ல கரி இருக்கும். பெரட்டுக்குப் போகுமுன் சாயத்தண்ணி கொதிக்க வைக்க, வாசலில் வைத்து மூட்ட, அது போதும்.